கறள் ஓட்டைக்கு மலிவு ஒட்டு: ரேப்பா, பட்டியா, பைபரா, தகரமா?

திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். ஒக்டோபர் தொடங்கி வாடை அடிக்கும் மாதங்களில் உப்பு நேராக ஊருக்குள் வருகிறது, கூடவே மழையும். அதற்குள் நிற்கும் எண்பதுகளின் மிற்சுபிசி லான்சரும் நிசான் சனியும் கறள் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய காருக்கு ஏறிய மவுசு இன்னும் முழுதாக இறங்கவில்லை. தள்ளிவிடவும் மனமில்லை, தரை முழுக்க வெட்டி வெல்டிங் பண்ணக் காசும் இல்லை. ஆகவே எல்லாரும் கார்த் தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இப்போதைக்கு ஏதாவது செய்யேலாதா?"

செய்யலாம். வழிகளும் பல உண்டு. ஆனால் விலையை மட்டும் வைத்து அவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனென்றால் எல்லாமே மலிவுதான். நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குமா? நாளைக்கு அதைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா? கழற்ற முடியாததைத் தற்காலிகம் என்று சொல்வதே பிழை.

கறள் இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மேலே என்ன பூசினாலும் கீழிருந்து ஊதித் தள்ளும். உப்பு வேறு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர் உறிஞ்சும். நம் ஊர் இரவுகளுக்கு அது பெரிய அளவே இல்லை. அதனால் எந்த ஒட்டைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: கம்பி பிரஷால் உதிர்வதை எல்லாம் உதிர்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிடுவது. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை அதற்குத் தோதான காலம். கறளைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் விற்கிறார்கள். அவற்றில் இருப்பது பொஸ்போரிக் அமிலம் அல்லது டனிக் அமிலம். இறுகப் பிடித்த மெல்லிய கறளில் மட்டுமே அது வேலை செய்யும், செதில் செதிலாக இருப்பதற்குள் இறங்காது. அதைப் போட்டியில் ஒரு வழியாக நான் எண்ணவில்லை. எல்லா வழிக்கும் துணை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, சீற் பெல்ட் பூட்டிய இடம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், ஜக் வைக்கும் இடம், இவற்றில் எந்த ஒட்டும் கூடாது. பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையில் இப்படியான பிடிமானங்களைச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் இருக்கும் கறளைத் தனிக் கவனத்துடன் பார்ப்பார்கள். அந்த அளவை நாமும் வைத்துக்கொள்ளலாம். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் சொதசொதவென்று கேட்டால் நேராக வெல்டிங்தான்.

ஆட்கள் அதிகம் விரும்புவதும் நான் அறவே விரும்பாததும் பட்டிதான். அது பொலியெஸ்ரர் ரெசினில் டல்க் மாவு கலந்த சாந்து. நல்ல தகட்டில் இருக்கும் நெளிவை நிரவ உண்டாக்கியது, ஓட்டைக்குப் பாலம் போட உண்டாக்கியதல்ல. பின்னால் பேப்பரையோ வலையையோ திணித்து மேலே பட்டி இழுப்பது கிணற்று வாய்க்குப் பாய் விரிக்கிற வேலை. தேய்த்துப் பெயின்ற் அடித்த அன்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்பக்கம் திறந்தே கிடப்பதால் பட்டி அங்கிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நவம்பர் மழை முடியும்போது பெயின்றில் கொப்புளம் எழும்பும். உள்ளே பார்க்கவும் வழியில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர் துணி சுற்றிய காந்தம் ஒன்றைப் பொக்கற்றில் வைத்திருப்பது நல்லது. மட்காட்டில் அது பிடிக்காமல் நழுவும் இடத்தில் பேரம் பேசலாம்.

பைபர் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மீன்பிடிப் படகுகளில் பெரும்பகுதி பைபர்தான். ஆகவே ரெசின், பாய் போன்ற கண்ணாடி இழை, கடினமாக்கி எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். கை பழகிய ஆட்களும் கிடைப்பார்கள். உறுதியிலும் தண்ணீர் புகாமையிலும் பட்டிக்கு இது எட்டாத தூரத்தில் நிற்கிறது. ஆனால் படகு வேறு, கார் வேறு. படகில் பைபர் மேல் பைபர் ஒட்டுகிறார்கள். காரில் இரும்பின் மேல் ஒட்ட வேண்டும், பொலியெஸ்ரர் ரெசின் இரும்பை அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. ஓட்டத்தின் அதிர்வில் ஓரம் கிளம்பும், அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் இறங்கும். சுற்றிவர ஐந்து சென்ரிமீற்றராவது பளபளக்கும் தகடு தெரியச் சுரண்டி, முரட்டு சாண்ட் பேப்பரால் கீறி, உட்பக்கத்திலிருந்து ஒட்டினால் நிற்கும். எபொக்சி ரெசின் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை கூட. பொலியெஸ்ரர் ரெசினுக்குக் கடினமாக்கி ஒன்று இரண்டு சதவீதம்தான் சேர்க்க வேண்டும். மத்தியான வெக்கையில் கலந்தால் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும், காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும். கடினமாக்கி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்க வேண்டாம்.

தரை ஓட்டைக்கு என் வாக்கு ரிவெட் அடித்த தகரத்துக்கு. பீலி செய்யும் கடையில் நாகம் பூசிய தகட்டு வெட்டுத்துண்டு கேட்டால் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் பெயின்ற் அடித்து, ஓரம் முழுக்கப் பொலியூரிதேன் சீலன்ற் பூசி, பொப் ரிவெட் அடிக்க வேண்டும். கால் வைத்தாலும் தாங்கும், தண்ணீர் வராது, பிறகு ட்ரில் போட்டு ரிவெட்டைக் கழற்றிப் பார்க்கவும் முடியும். இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கடைகளில் அதிகம் இருப்பது அலுமினிய ரிவெட். பெரிய இரும்புப் பரப்பில் சின்ன அலுமினியம், நடுவில் உப்புத்தண்ணீர் என்றால் அலுமினியம் வேகமாக அரித்துப் போகும். இரும்பு ரிவெட் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றையும் சீலன்றில் தோய்த்து அடியுங்கள். ட்ரில் போட முன்னர் காருக்குக் கீழே குனிந்து பிரேக் குழாயும் பெற்றோல் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள். சுற்றியுள்ள தகடே பப்படமாகிவிட்டதென்றால் ரிவெட் பிடிக்க இடமிருக்காது.

ரேப்பை எல்லாரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் அலுமினியம் முகப்புள்ள பியூற்றில் ரேப்பைச் சொல்கிறேன், வயர் சுற்றும் ரேப்பை அல்ல. பார்க்க அசிங்கம், பலம் சுத்தமாக இல்லை. ஆனால் என் இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்வது இதுதான். பத்து நிமிட வேலை, வேண்டிய நேரம் உரித்துப் பார்க்கலாம், யாரையும் ஏமாற்றாது. கதவின் கீழ் விளிம்புக்கும் டிக்கியின் பக்கச் சுவருக்கும் ஒரு மழைக்காலம் ஓட்ட இது போதும். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துவாரங்களை மட்டும் சேர்த்து மூடிவிடாதீர்கள், கண்ணாடி இடுக்கால் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவது அவற்றால்தான். தார் பூசிய மலிவு வகை வெயிலில் இளகி வழியும்.

சிலிக்கோன் பற்றி ஒரு சொல். வினாகிரி மணம் வரும் பாத்ரூம் சிலிக்கோன் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும், கறளை நாமே காசு கொடுத்து வளர்ப்பது போலாகும். சீமெந்து பாரம், ஓட்டத்தில் வெடிக்கும். ஸ்பிரே போம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மட்காட்டின் வெளிப்பக்கம் என்றால் உள்ளிருந்து பைபர், மேலே நிரவ மட்டும் மெல்லிதாகப் பட்டி. அந்த அளவில் பட்டியோடு எனக்குச் சண்டையில்லை. பற்றரித் தட்டில் ஓட்டை என்றால் முதலில் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி அமிலத்தைக் கொல்லுங்கள், பிறகு தகரம். சைலன்சருக்கு மேலே டிக்கித் தரையில் ஓட்டை என்றால் ரேப், பைபர் எதுவும் வேண்டாம். சூட்டில் விட்டுப்போகும், விட்ட வழியால் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் எப்படியாவது காசு புரட்டி வெல்டிங் செய்வியுங்கள், அதுவரை பின் சீற்றில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

வெல்டிங்குக்குக் காரை விடும் நாளில், முன்பு எங்கெங்கே என்ன ஒட்டினீர்கள் என்பதைப் பாஸிடம் சொல்லிவிடுங்கள். தகரத்தை அவர் நிமிடத்தில் கழற்றிவிடுவார். ரெசினும் சீலன்றும் போமும் நெருப்புப் பட்டால் எரியும், நச்சுப்புகை விடும். சில கராஜ்களில் அதைச் சுரண்டி எடுக்கிற கூலியே வெல்டிங் கூலிக்குக் கிட்ட வரும்.