அல்சூர் முதல் எலெக்ட்ரானிக் சிட்டி வரை: மூன்றாம் வருடத்தில் ஒரு மின் ஸ்கூட்டர்

பெங்களூரில் மின் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "வண்டி நிறுத்துற இடத்துல பிளக் பாயின்ட் இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எந்தக் கம்பெனி, எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் வண்டி 2023 மே மாதக் கடைசியில் வாங்கியது. மின் வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம்-2 மானியம் ஜூன் 1 முதல், பேட்டரியில் அடங்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறையப்போகிறது என்று தெரிந்து ஷோரூம்களில் ஒரே கூட்டம். அதற்குப் பிறகு மானியம் இன்னும் சுருங்கிவிட்டது. அதனால் என் கொள்முதல் விலையை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். பேட்டரி 3 யூனிட் சொச்சம். கம்பெனி பெயர் எதற்கு? கீழே கொஞ்சம் புலம்பப் போகிறேன்.

வாடகை வீடு, பழைய கட்டடம். ஓனர் அம்மாவுக்கு வேலூர்ப் பக்கம். சார்ஜ் போட இடம் கேட்டதும், "ராத்திரியில வெடிச்சிடுமாமே தம்பி?" என்றார். 2022 கோடையில் நாலைந்து ஊர்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை டிவியில் பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள், புது வண்டிகள் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வருகின்றன என்று விளக்கினேன். பாதிதான் நம்பினார். "சரி, படிக்கட்டுக்கு அடியில வேணாம், கேட் பக்கமா போட்டுக்கோ." கேட் பக்கம் என்றால் மழைச் சாரல். மூடியுள்ள பெட்டி, தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), 16 ஆம்ப் சாக்கெட், என் மீட்டரிலிருந்து நேராக இழுத்த ஒயர் என்று எல்லாம் முடித்து சார்ஜரைச் செருகினால், சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: கட்டடத்தில் எர்த்தே சரியில்லை. புதிதாக எர்த் ராடு அடித்த பிறகுதான் பச்சை எரிந்தது. பழைய வீட்டில் இருப்பவர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு சுலபம். ஆபீஸ் போய் வர சுமார் 40 கிலோமீட்டர். முழு சார்ஜுக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, மூன்றரை யூனிட் இழுக்கும். இங்கே மின்சாரம் தரும் பெஸ்காமின் கட்டணம் யூனிட்டுக்கு 6 ரூபாயை ஒட்டி. 21 ரூபாய்க்கு 80 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு கால் ரூபாய். லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் என்றால், 103 ரூபாய் விலையில், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 30 பைசா. மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டினால் 1,800 ரூபாய்க்கு மேல் மிச்சம். பெட்ரோல் வண்டியைவிட அதிகம் கொடுத்த பணம் இரண்டு வருடத்துக்குள் எனக்குத் திரும்பிவிட்டது. தினம் பத்து கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு ஏழெட்டு வருடம் ஆகும். அவர் இருக்கிற வண்டியையே ஓட்டலாம்.

கர்நாடகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: வீடுகளுக்கு மாநில அரசு தரும் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி. 2022-23இல் அந்த வீட்டின் மாதச் சராசரி எவ்வளவோ, அதோடு கொஞ்சம் சேர்த்து, அதுவரைக்கும் மின்சாரம் இலவசம். மேலே போகும் யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். மொத்தம் 200ஐத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில். எங்கள் வீட்டில் ஸ்கூட்டருக்கு மட்டும் மாதம் சுமார் 40 யூனிட். மற்ற மாதங்களில் பிரச்சினை இல்லை. ஏப்ரல், மே வந்தால் ஃபேன், கூலர் எல்லாம் சேர்ந்து 200ஐத் தொட்டுவிடும். பழி மட்டும் ஸ்கூட்டர் மேல்தான் விழும்.

ஓட்டுவதற்கு இந்த ஊருக்கென்றே செய்த வண்டி மாதிரிதான் இருக்கிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் காலுக்குக் கீழே சூடு கிடையாது. நிற்கும்போது சார்ஜும் பெரிதாகக் குறைவதில்லை. ஊரின் மிதமான வெயில் பேட்டரிக்கும் நல்லது. ஆனால் ஓசூர் ரோட்டில் 70இல் விரட்டினால் சார்ஜ் சரசரவென்று இறங்கும். ஓசூருக்குப் போய் மாமா வீட்டில் சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பலாம். கிருஷ்ணகிரி என்றால் பஸ்தான். வழியில் வேகச் சார்ஜர் இருந்தாலும் பிளக் நம் வண்டிக்குப் பொருந்த வேண்டுமே! ஏத்தர் ஸ்கூட்டரின் பிளக்கை ஹீரோ கம்பெனியின் விடா ஸ்கூட்டரும் ஏற்றுக்கொண்டது போல எல்லாரும் ஒரே வகைக்கு வந்தால் புண்ணியமாகப் போகும்.

சரி, புலம்பல். ஆயில், பெல்ட், ஸ்பார்க் பிளக் செலவெல்லாம் இல்லை. பிரேக் ஷூகூட மெதுவாகத்தான் தேய்கிறது. ஆனால் பின் டயர் சீக்கிரம் மொட்டையாகிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே கிடைக்கும் இழுவைக்கு அதுதான் விலை. மாற்றலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போனால், கடைக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது, தடித்த ஆரஞ்சு ஒயர் உள்ளே போகிறது. "பஞ்சர்னா இப்பவே போட்டுத் தரேன். வீலைக் கழட்டுறது மட்டும் ஷோரூம்ல பாருங்கண்ணா" என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். ஷோரூமில் டயருக்கே ஒரு வாரம். அப்புறம் ஒருமுறை சார்ஜர் கெட்டபோது உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகிவிட்டது. பெட்ரோல் வண்டி நின்றால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். இதற்கு ஒரே வாசல்தான். அந்த மாதம் ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தை மேலே சொன்ன மிச்சக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

மின் பைக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். இதே ஊர்க் கம்பெனியான அல்ட்ராவயலெட்டின் எஃப்77 பைக் பார்க்க அழகுதான், ஆனால் விலை 3 லட்சத்தை ஒட்டி. அதை வாங்குபவர் பெட்ரோல் மிச்சம் பார்த்து வாங்குவதில்லை.

இப்போது ஓடோமீட்டர் 25,000ஐத் தாண்டிவிட்டது. புதிதில் 90 கிலோமீட்டர் போனது, 80க்கு வந்திருக்கிறது. பேட்டரி மாற்றுவதென்றால் அரை லட்சத்துக்கு மேல் ஆகும், மூன்று வருட வாரன்டியும் 2026 மே மாதத்தோடு முடிகிறது. சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் மீதித் திறனை அளந்து எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் நீட்டிப்பு வாரன்டிக்குப் பணம் கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.