சுதந்திர தின விளம்பரங்கள்: படம் தேறுகிறது, வசனம் தேறவில்லை

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் தொலைக்காட்சியில் ஓடும் தேசபக்தி விளம்பரங்களில், நம் ராமநாதபுரம் கடற்கரையைக் காட்டுகிறவற்றுக்கான விமர்சனம் இது. கேமரா வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெடுப்பது எழுத்து.

முதல் கோளாறு, அளவு. 30 விநாடியில் நிதானமாகப் பேசினால் தமிழில் 45 சொல் போகும். இந்தியில் எழுதியதை வரிக்கு வரி தமிழாக்கி 60 சொல்லைத் திணிக்கிறார்கள். புல்லாங்குழல் மெல்லப் போக, பின்னணிக் குரல் மூச்சிரைக்க ஓடுகிறது. காட்சியோ ஸ்லோமோஷன்: விநாடிக்கு நூறு பிரேமில் எடுத்து இருபத்தைந்தில் ஓட்டினால் ஒரு விநாடி அசைவு நான்கு விநாடியாக நீளும். நெஞ்சைத் தொட அதுவே போதும். அதற்கு மேல் தழுதழுத்த குரல், குழந்தைகள் கோரஸ், ‘மண்’, ‘தாய்’, ‘ரத்தம்’ எல்லாம் சேர்ந்தால் திகட்டத்தான் செய்யும்.

இந்த விளம்பரங்களில் மீனவர் என்றால் அந்தி வெயிலில் தனியாகத் துடுப்புப் போடும் பெரியவர்தான், பேசுவதும் கவிதைதான். நிஜத்தில் ராமேசுவரம் விசைப்படகுக்காரர் கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போகிறவர்; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வலையைச் செப்பனிடுகிறவர். டீசலுக்குக் கடன் வாங்கிப் போய் வந்தவர் கரையேறியதும் "இறால் என்ன விலை போகுது?" என்றுதான் கேட்பார். அந்த ஒரு வரியை அப்படியே வைக்கலாம்.

கடல்பாசி எடுக்கும் பெண்களையும் இப்படித்தான் வீணடிக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்குவார்கள். அதை நெருக்கமாகக் காட்டி, அலைச்சத்தத்தை மட்டும் விட்டால் ஐந்து விநாடி போதும். அங்கே போய் ‘பாரதத்தின் மகள்’ என்று குரல் கொடுத்தால், பார்வை அந்தக் கையை விட்டு விலகிவிடுகிறது.

மனசுக்கு ஒப்பவே ஒப்பாதது தனுஷ்கோடி காட்சி. 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோனது. அதில் மிஞ்சிய தேவாலயச் சுவர் முன்னால் பிள்ளைகளை மூவண்ண உடையில் ஓடவிட்டு ‘எழுவோம்’ என்கிறார்கள். அங்கே செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதே ராமேசுவரம் தீவில் இருந்து அந்த விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். குறைந்தபட்சம் அந்த இடத்தில் வசனத்தை எடுத்துவிட வேண்டும்.

இருப்பதில் தேவலாம் என்றால் 10 விநாடிக்குச் சுருக்கிய வெட்டுகள்தான். பாம்பன் பாலம், ரயில், பொருளின் பெயர், அவ்வளவே. உருகி எழுத அதில் இடமில்லை.