டா நாங் போனால் இந்தப் படகைப் பாருங்கள்

வியட்நாமின் டா நாங் நகரில் எல்லோரும் போகிற, பௌத்தக் கருணைத் தெய்வமான குவான் யின்னின் 67 மீட்டர் சிலைக்கான கடற்கரைச் சாலையிலேயே ஹுவாங் சா கண்காட்சி இல்லமும் இருக்கிறது. தென்சீனக் கடலிலுள்ள பாராசெல் தீவுகளை வியட்நாம்காரர்கள் ஹுவாங் சா என்கிறார்கள். 2018-இல் திறந்தார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே பழைய வரைபடங்கள், வியட்நாமை ஆண்ட நுயென் மன்னர் கால ஆவணங்கள், 1974-இல் பாராசெல் தீவுகள் முழுதும் சீனாவிடம் போன கதை. பொறுமை இருப்பவர்கள் நின்று படிக்கலாம். நான் போனது 90152 என்ற எண்ணுள்ள மரப்படகுக்காக.

2014 மே மாதத் தொடக்கத்தில் சீனா தன் ஹாய்யாங் ஷியூ 981 என்ற எண்ணெய்த் துரப்பண ரிக்கை பாராசெல் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது. 3000 மீட்டர் ஆழக் கடலிலும் துளையிடக்கூடிய ராட்சத மிதவை அது. நின்ற இடம் வியட்நாமின் லீ சோன் தீவிலிருந்து சுமார் 120 கடல் மைல். இரண்டு நாடுகளும் தன் கடல் என்கின்றன. சுற்றிலும் சீனக் கப்பல்கள் காவல். தலைமுறையாக அங்கே தொழில் பார்த்த மீனவர்கள் விலகவில்லை. மே 26 அன்று இந்தப் படகு மூழ்கியது. சீனத் தரப்பு, படகுதான் வந்து மோதியது என்றது. பிறகு வெளியான காணொளியில், பெரிய கப்பல் துரத்திவந்து இடிப்பதைப் பார்க்கலாம். படகிலிருந்த 10 பேரையும் பக்கத்துப் படகுக்காரர்கள் காப்பாற்றினார்கள். மூழ்கிய படகைக் கரைக்கு இழுத்துவந்து, இப்போது இங்கே வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு அக்கரைப்பேட்டை. அப்பா விசைப்படகு வைத்திருந்தவர். அதனால் எனக்கு ஆவணங்களைவிட மரம்தான் பேசியது. அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து பார்த்தேன். ஒரு குடும்பத்தின் கடனும் சேமிப்பும் இப்படி ஒரு படகில்தான் போய் முடங்கும். இரும்புக் கப்பல் இடித்தால் இந்தப் பலகை என்ன தாங்கும்? கோபம் வந்தது, மறைக்கவில்லை. ரிக் ஜூலை நடுவிலேயே, சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்னால், கிளம்பிப் போய்விட்டது. படகுக்காரருக்கு அந்தப் பருவமே போயிற்று.

இது நமக்குத் தொலைவான சங்கதியும் அல்ல. நம் அரசு எண்ணெய் நிறுவனத்தின் வெளிநாட்டுப் பிரிவான ஓஎன்ஜிசி விதேஷ், எண்ணெய் தேட 2006-இல் வியட்நாமிடம் வாங்கிய 128-ஆம் பிளாக் என்ற கடற்பகுதியும் சீனா உரிமை கோரும் கடலில்தான் வருகிறது.

வியட்நாம் தன் தரப்பைச் சொல்லக் கட்டிய இடம் இது, அதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் படகு, மாடியெல்லாம் அப்புறம். சிலைக்கு டாக்சி பேசும்போதே இங்கேயும் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.