கணுக்கால் பிரேஸ்: கடைக்குக் காலோடு செருப்பும் போகட்டும்

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடையிலோ, கடலூர் மஞ்சக்குப்பத்திலோ போய், "கால் மடங்கிடுச்சு, மாட்டிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வருவது சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறைதான். விலை குறைவு, சைஸ் சொன்னால் போதும், கடைக்காரருக்கும் வேலை மிச்சம். அது கெட்ட பொருள் இல்லை. மடங்கிய கால் மறுபடி மடங்காமல் தடுப்பது மட்டும் அதனால் ஆகாத வேலை.

கால் பிசகுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான்: உள்ளங்கால் உள்பக்கம் திரும்ப, வெளிக்கணுவின் கீழே இருக்கும் ஜவ்வு இழுபட்டு நைகிறது, சில சமயம் கிழிகிறது. ஆகவே பிரேஸ், அதாவது கணுவைத் தாங்கிப் பிடிக்கும் பொருள், தடுக்க வேண்டியது அந்தப் பக்கவாட்டுத் திருப்பத்தை. எலாஸ்டிக் உறை கொடுப்பது அழுத்தமும் கொஞ்சம் கதகதப்பும். கடையிலேயே சோதிக்கலாம். நல்ல காலில் மாட்டி உட்கார்ந்து, உள்ளங்காலைக் கையால் உள்பக்கம் மெல்லத் திருப்புங்கள். வெறுங்கால் மாதிரியே திரும்பினால் அது வீக்கத்துக்கான உறை, தாங்கு அல்ல. அடிபட்ட காலில் இந்தச் சோதனை வேண்டாம்.

வாங்கும் முன் எலும்பு உடையவில்லை என்பது தெரிய வேண்டும். 1992-ல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வெளியிட்ட விதி இன்றும் பயன்படுகிறது. அடிபட்ட உடனேயும், டாக்டரிடம் போனபோதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? உள்கணு, வெளிக்கணு எலும்பின் பின் விளிம்பில், கீழ்நுனியிலிருந்து 6 செ.மீ. உயரத்துக்குள் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பிலோ, உள்பக்கம் பாத வளைவின் மேலிருக்கும் எலும்பிலோ அழுத்த வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதலில் எக்ஸ்ரே. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வலியை வைத்து முடிவு செய்யவே கூடாது. முதல் மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவி விடுவதும் வேண்டாம், உள்ளே கசிவு கூடி வீக்கம் ஏறும்.

வீக்கம் இருக்கும் அந்த நாட்களுக்கு 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் போதும். விரல்களின் அடியில் தொடங்கி எட்டு வடிவில் சுற்றி மேலே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும், கீழே இறுக்கம் கூடுதல், மேலே போகப் போகக் குறைவு. தலைகீழாகச் சுற்றினால் பாதம் பூரி மாதிரி உப்பும். கூட வரும் உலோகக் கொக்கியை நம்பாதீர்கள். கடல் காற்றில் துருவேறும், தரையில் விழுந்தால் வெறுங்காலில் குத்தும். மைக்ரோபோர் எனும் காகித மருத்துவ டேப் ஒரு துண்டு ஒட்டினால் நிற்கும்.

தேறும் காலத்துக்கு, அதாவது நடுத்தரப் பிசகுக்குச் சுமாராக நான்கு முதல் ஆறு வாரம், நாங்கள் முதலிடம் கொடுப்பது ஸ்டிரப் வகைக்கு. இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், உள்ளே காற்றுப் பை அல்லது ஜெல், குதிகாலின் அடியில் ஒரு பட்டை, காலைச் சுற்றி இரண்டு பட்டை. பாதம் மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் திரும்பாது. ஆகவே மாடிப்படி ஏறலாம், வலி விட்ட பிறகு இந்தியன் டாய்லெட்டிலும் உட்காரலாம். வீக்கம் வடிய வடியப் பட்டையை இறுக்கிக்கொள்ளலாம் என்பதால் சைஸ் பிரச்சினையும் குறைவு.

மாட்டும்போது உயரமான பருத்தி சாக்ஸ் முதலில். முட்டி மடங்கி, பாதம் தரையில் படிந்து உட்கார வேண்டும். குதிகால் பட்டையின் அகலத்தைச் சரிசெய்து, தகடுகளின் நடு இரண்டு கணுவிலும் வரும்படி வைக்க வேண்டும். கீழ்ப்பட்டை முதலில், மேல்பட்டை பிறகு, எழுந்து நின்று மறுபடி ஒரு இழுப்பு. பலர் கோட்டை விடுவது குதிகால் பட்டையில். அகலமாக விட்டால் தகடு காலை விட்டு விலகி நிற்கும், மாட்டியும் மாட்டாத கதை. குறுக்கினால் கணு எலும்பில் அழுத்திப் புண்ணாகும். பட்டைக்கும் சாக்ஸுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். மாட்டிய பின் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் ஜில்லிட்டாலோ மரத்தாலோ உடனே தளர்த்துங்கள்.

ஸ்டிரப்புக்கு ஒரு குறை உண்டு. அது ஷூவுக்காகச் செய்த பொருள், நம் ஊரோ செருப்புக் கால் ஊர். ஹவாய் செருப்பில் அடிப்பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் பிடிமானமும் கிடையாது. வெறுங்காலில் மாட்டி வீட்டு டைல்ஸில் நடந்தாலும் வழுக்கல்தான். செருப்பையும் எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான். பின்பட்டை உள்ள, மூன்று இடத்தில் வெல்க்ரோ தளர்த்தக்கூடிய சாண்டல் என்றால் ஓரளவு ஒத்துப்போகும். ஷூ போடவே முடியாத வேலை என்றால், எட்டு வடிவப் பட்டை வைத்த, குதிகால் திறந்த பைண்டர் வகையை எடுங்கள். பிடிப்பு ஸ்டிரப்பைவிடக் குறைவுதான், ஆனால் நாள் முழுக்கக் காலில் இருக்கும். அலமாரியில் தூங்கும் நல்ல பிரேஸுக்கு அது மேல்.

புதுச்சேரி உப்பளம் மைதானத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ ஆடத் திரும்புகிறவர்களுக்கு லேஸ் கட்டும் வகை. கால்பந்து, கைப்பந்து, கபடி எதுவானாலும், ஒருமுறை மடங்கிய கால் மறுபடி மடங்குவதை இது குறைக்கும். முதல் ஒரு வருடம் ஆடும்போது மட்டுமாவது போடுவது நல்லது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குத் துணி சுருங்காமல் இருக்க வேண்டும், சுருங்கினால் கொப்புளம். லேஸை விரல் பக்கமிருந்து ஒவ்வொரு துளையாக இறுக்கி வர வேண்டும், மேலே மட்டும் இழுத்துக் கட்டினால் குதிகால் நாணில் வெட்டும். லேஸுக்கு மேலே குறுக்காக வரும் இரண்டு பட்டைகளில், அடிப்பாதம் வழியாக வெளிப்பக்கம் மேலேறும் பட்டையைக் கடைசியில், கூடுதல் இறுக்கத்தோடு ஒட்டுங்கள், மடங்குவதை எதிர்த்துப் பிடிப்பது அதுதான். ஷூ அரை சைஸ் பெரிதாக வேண்டும், அல்லது உள்தகட்டை உருவிவிட வேண்டும்.

பைக் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: இடது கால் என்றால் கியரும் அதில்தான், சிக்னலில் ஊன்றுவதும் அதில்தான். வலி இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்க வரும்வரை வண்டி வேண்டாம்.

அளவு விஷயத்தில் பெட்டியைப் படிக்காமல் வாங்காதீர்கள். சில கம்பெனி கணுவுக்கு மேலே ஒல்லியான இடத்தின் சுற்றளவைக் கேட்கும், சில குதிகாலிலிருந்து முன்மடிப்பு வரை சுற்றிய அளவை, சில ஷூ நம்பரை. ஒன்றில் 'எம்' என்பது இன்னொன்றில் 'எல்' ஆகலாம். தையல்கார இஞ்ச் டேப்பில் இரண்டு அளவையும் செ.மீ.யில் குறித்துப் போங்கள். ஆன்லைனில் என்றால் இடது, வலது பார்த்து வாங்குங்கள், திருப்பித் தரும் விதியையும் படியுங்கள்.

பிரேஸ் மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியை விட்டால் கால் சோம்பேறியாகும். வலி அடங்கியதும் கட்டைவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதுங்கள். 'இ' போன்ற சுழி எழுத்துகள் கணுவை எல்லாத் திசையிலும் சுழற்றும். பிறகு சுவர் அருகே ஒற்றைக் காலில் 30 விநாடி, அது சுலபமானதும் கண்ணை மூடி. பிரேஸைக் கழற்றுவதை முதலில் வீட்டுக்குள் தொடங்குங்கள், மேடு பள்ளத் தெருவுக்குக் கடைசியில்.

கடலூர் சில்வர் பீச் மணலுக்குப் பிரேஸோடு போகாதீர்கள். மணல் தானாகவே காலைச் சாய்க்கும், உறைக்குள் புகுந்தால் உப்புக் காகிதம் போலத் தேய்க்கும், வெல்க்ரோவில் ஏறினால் ஒட்டுவது நிற்கும். பழைய பல் தேய்ப்பானால் கொக்கிப் பக்கத்தை வாரினால் சரியாகும். நியோப்ரீன் எனும் ரப்பர் துணி வகை நம் புழுக்கத்தில் வியர்த்து அரிக்கும், சிவந்து தடித்தால் பருத்தி கலந்ததுக்கு மாறுங்கள். துவைக்கும் முன் வெல்க்ரோவை ஒட்டி மூடி, பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, பிழியாமல் நிழலில் போட வேண்டும், வெயிலில் எலாஸ்டிக் செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நியோப்ரீன் ஒரே இரவில் காயாது. அந்த மாதங்களில் பிரேஸைத் துடைத்து ஃபேன் காற்றில் வைத்து, தினமும் மாற்ற மூன்று ஜோடி சாக்ஸ் வைத்துக்கொண்டால் போதும்.