பாடத்துக்கு எந்த ரோபோ: மூடிய பொம்மையா, கட்டைக் கிட்டா, திறந்த போர்டா?

கல்விக்கான ரோபோவை வடிவமைப்பவர் முதலிலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: எதை மாணவர் கண்ணில் படவிடுவது, எதை உள்ளே மறைப்பது? சந்தையில் உள்ள வகைகள் பிரிவதும் இந்த இடத்தில்தான்.

பீ-பாட் போன்ற மூடிய ரோபோக்களில் எல்லாமே மறைவு. முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். ஒரு அழுத்துக்கு 15 செ.மீ. நகரும், அல்லது 90 டிகிரி திரும்பும். பிள்ளைகளுக்கான லோகோ புரோகிராம் மொழிக்காக, கணினிக் கல்வி முன்னோடி சீமோர் பாப்பர்ட் குழுவினர் தரையில் ஓடவிட்ட ஆமை ரோபோவின் வாரிசு என்றே சொல்லலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அருமை. எட்டு வயதைத் தாண்டினால் சலித்துவிடும்.

கட்டைகளைப் பொருத்தி ரோபோ செய்யும் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் கிட் வேறு ரகம். பல்சக்கரம், நெம்புகோல் எல்லாம் கையாலேயே புரியும். இயந்திரவியலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. 2013-ல் வந்த இவி3 கிட்டின் மோட்டாரிலேயே சுழற்சியை ஒரு டிகிரி வரை அளக்கும் சென்சார் உண்டு. ஆனால் 2022 முடிவோடு இந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது: எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அதன் அல்ட்ராசோனிக் சென்சாரிடம் கேட்டால் தூரத்தை நேரடியாக செ.மீ. கணக்கில் கொடுத்துவிடும். இயற்பியல் எல்லாம் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

அதே வேலையை ஆர்டுயினோ ஊனோ என்ற திறந்த போர்டில் எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் சென்சாரை மாட்டிச் செய்து பாருங்கள். கைக்கு வருவது மைக்ரோவினாடியில் எதிரொலி நேரம் மட்டுமே. அதை ஒலியின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஒலி போய்த் திரும்புகிறதே, அப்புறம் இரண்டால் வகுக்க வேண்டும். புரோகிராமில் 20 டிகிரிக்கு உரிய 343 மீ/வி என்று எழுதிவிட்டு, 35 டிகிரி வெப்பத்தில் சரியாக ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை அளந்தால் 97 செ.மீ. சொச்சம்தான் காட்டும். சென்சார் கெட்டுவிட்டதா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விதான் வகுப்புக்கு வேண்டியது.

சரி, திறந்த போர்டுக்குத் தலைவலி இல்லையா? நிறைய. மோட்டாரை ஊனோவின் பின்னில் (இணைப்பு முனையில்) நேரடியாக மாட்ட முடியாது, மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் டிரைவர் சர்க்யூட் வேண்டும். பலரும் வாங்கும் எல்298என் டிரைவர் தன் பங்குக்கு 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். ஒயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டில் ஒரு ஒயர் தளர்ந்தால் பாடவேளை முழுக்க அதைத் தேடுவதிலேயே போய்விடும்.

மைக்ரோபிட் என்ற சின்ன போர்டு நடுவழி. அசைவை அளக்கும் முடுக்கமானியும் திசைகாட்டியும் போர்டிலேயே இருக்கின்றன. 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தன. ஆனால் பின்கள் தாங்குவது 3 வோல்ட் அளவுதான். 5 வோல்ட் எச்சி-எஸ்ஆர்04-ஐ அப்படியே மாட்டக்கூடாது.

10 முதல் 13 வயதுக்கு என் ஓட்டு மைக்ரோபிட்டை வைத்த வண்டிக்கு. அதற்கு மேல் ஆர்டுயினோ. புதிதாக ஒன்றை வடிவமைப்பவர் எதிரொலி நேரம், தூரம் இரண்டையும் திரையில் காட்டட்டும். இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒரே அளவாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்த ஒரு சுவிட்சும் வைக்கட்டும். அதை நிறுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஏன் என்று மாணவர்களே துப்பு துலக்கலாம். பேட்டரி இணைப்பை மட்டும் தலைகீழாகச் செருகவே முடியாதபடி செய்துவிடுங்கள். போர்டு கருகுவதில் படிக்க ஒன்றுமில்லை.