பச்சைச் சுருட்டா, பழுப்புச் சுருட்டா? செட்டிநாட்டுச் சாப்பாட்டை வைத்து ஓர் அலசல்

பச்சை மேலிலை சுற்றிய சுருட்டைக் காட்டினால் பலரும் முதலில் கேட்பது, "இலையைக் காய வைக்காமலே சுற்றிட்டாங்களா?" என்றுதான். காய்ந்த இலைதான். பழுப்புச் சுருட்டின் இலையை விட வேகமாகக் காய்ந்த இலை. கேண்டெலா என்பார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்களின் பெட்டியில்தான் வந்து சேர்கிறது. வந்ததையும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பற்ற வைத்து, "சப்பென்று இருக்கிறதே" என்று பாதியில் அணைத்துவிடுகிறார்கள். சுருட்டின் மேல் தப்பில்லை. தப்பான நேரத்தில் தப்பான ஆளோடு போட்டிக்கு விட்டால் அது தோற்கத்தான் செய்யும்.

முதலில் அந்தப் பச்சை எப்படி வருகிறது என்று பார்ப்போம். சாதாரணப் பழுப்பு மேலிலையைக் காற்றோட்டமான கொட்டகையில் தொங்கவிட்டு ஒன்றரை, இரண்டு மாதம் மெல்ல உலர்த்துவார்கள். அந்த நாட்களில் பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. கேண்டெலாவுக்கு அந்த அவகாசமே கிடையாது. அடைத்த கொட்டகையில் சூட்டை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் 75 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டுவந்து, சில நாட்களிலேயே ஈரத்தை வாங்கிவிடுகிறார்கள். பச்சையம் சிதைவதற்குள் இலை காய்ந்துவிடுவதால் நிறம் அப்படியே தங்கிவிடுகிறது. தேயிலையையும் பறித்த கையோடு சூடேற்றினால் பச்சைத் தேயிலை, வதங்க விட்டு ஆக்சிஜனேற்றம் நடக்க விட்டால் கறுப்புத் தேயிலை. ஏறக்குறைய அதே கணக்குதான் இங்கேயும். காய்ந்து மொறுமொறுப்பான இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏற்றித்தான் சுற்றும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழுப்பு இலையை அடுக்கி மாதக்கணக்கில் புளிக்க வைப்பது போன்ற நீண்ட பக்குவம் இதற்குப் பெரும்பாலும் இல்லை.

ருசியை நிர்ணயிப்பது இதுதான். பற்ற வைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள்: காய்ந்த புல், கொஞ்சம் தேவதாரு மர வாசம். பற்ற வைத்ததும் உதட்டில் லேசான இனிப்பு, நாக்கின் நுனியில் வெள்ளை மிளகின் சுருக்கு, பின்னால் பச்சைத் தேநீரின் மெல்லிய துவர்ப்பு. புகை மெலிசாக இருக்கும், வாயில் பிசுபிசுப்பு தங்காது. அவசரமாக இழுத்தால் மட்டும் கசந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: மேலிலை பச்சையாக இருப்பதால் சுருட்டு மென்மையாகத்தான் இருக்கும் என்று அர்த்தமில்லை. காரம் எவ்வளவு என்பதை உள்ளே இருக்கும் இலை முடிவு செய்கிறது. நிகரகுவா இலையை உள்ளே வைத்துச் சுற்றிய கேண்டெலா நன்றாகவே தலையைச் சுற்ற வைக்கும்.

இதற்கு நேர் எதிரி மடூரோ. சூட்டிலும் ஈரத்திலும் நீண்ட நாள் புளிக்க வைத்து, கருப்பட்டி நிறத்துக்கு வந்த இலை. கொக்கோ, காப்பி, காய்ந்த திராட்சை என்று கனமான ருசிகள். மிளகும் கல்பாசியும் அன்னாசிப்பூவும் போட்ட கோழி வறுவலையோ, உப்புக்கறியையோ சாப்பிட்ட நாக்குக்கு முன்னால் நிற்கக்கூடியது இதுதான். அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் கேண்டெலாவைப் பிடிப்பது வீண். மசாலாதான் தெரியும், புல் வாசம் தெரியாது. மதிய விருந்துக்குப் பின் என்றால் மடூரோவுக்கே என் ஓட்டு.

ஆனால் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குக் கதை மாறிவிடும். வெயில் தணிந்த முகப்புத் திண்ணை, வெள்ளைப் பணியாரம், பால் சேர்க்காத தேநீர். அந்த நேரத்துக்கு மடூரோ ரொம்பக் கனம். கேண்டெலா அங்கேதான் தன் குணத்தைக் காட்டுகிறது: தேநீரின் துவர்ப்பும் இலையின் துவர்ப்பும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். வரமிளகாய்ச் சட்னியை மட்டும் தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கனெக்டிகட் நிழலிலைச் சுருட்டு (துணிப்பந்தல் நிழலில் வளர்த்த வெளிர்பழுப்பு மேலிலை) எல்லா நேரத்துக்கும் ஒத்துப்போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை, சிலாகிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை.

நம்மூர்ச் சரக்கை விட்டுவிட்டுப் பேசினால் ஒப்பீடு முழுமையாகாது. உறையூர்ச் சுருட்டு இரண்டு முனையும் திறந்தது, வெட்டத் தேவையில்லை, விலையும் கைக்கு அடக்கம். கறுத்த இலை, காட்டமான புகை, தொண்டையைப் பிடிக்கும். கருப்பர் படையலில் வைப்பது இந்த நாட்டுச் சுருட்டைத்தான். நயத்துக்கு இதை யாரும் பிடிப்பதில்லை, காட்டத்துக்குத்தான். கேண்டெலாவோடு ஒப்பிட்டால் இரண்டும் இரண்டு துருவம்.

உண்மையில் பச்சைச் சுருட்டு செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ரங்கூனிலும் மௌல்மேனிலும் கடை வைத்திருந்த நம் ஐயாக்கள் காலத்தில் கண்ட பர்மாச் சுருட்டு பச்சை இலையில் சுற்றியதுதான். ஆனால் அந்த மேலிலை புகையிலையே அல்ல. தனப்பெட் என்று பர்மியர்கள் சொல்கிற, நம் நறுவிலி இனத்து மரத்தின் இலை. உள்ளே நறுக்கிய புகையிலை, வாய் வைக்கும் பக்கம் சோளத்தோல் வைத்த வடிகட்டி. இன்லே ஏரிப் பக்கம் அன்னாசிப்பூ, புளி, தேன் எல்லாம் சேர்த்துச் செய்கிறார்கள். புகை இனிப்பாகவும் லேசாகவும் இருக்கும். நிறத்தைப் பார்த்து இதையும் கேண்டெலாவையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. பர்மாச் சுருட்டில் ருசி சேர்மானத்திலிருந்து வருகிறது. கேண்டெலாவில் இலையே ருசி. அதனால்தான் எனக்கு கேண்டெலா ஒரு படி மேல்.

அமெரிக்காவில் 1950-களில் பச்சைதான் ராஜா. அங்குள்ளவர்கள் கேட்கும் சரக்கு என்பதால் அதற்கு 'அமெரிக்கச் சந்தைத் தேர்வு' என்றே பெயர் இருந்தது. பிறகு ரசனை பழுப்புப் பக்கம் சாய்ந்தது, பச்சை மலிவு இயந்திரச் சுருட்டின் அடையாளமாகிப் போனது. இன்று ஆர்ட்டுரோ ஃபுவென்டே, இல்லுசியோனே போன்ற சில நிறுவனங்கள் அக்கறையோடு கையால் சுற்றுகின்றன. முதல் முறை என்றால் அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். மலிவானதைப் பிடித்துவிட்டு பச்சையையே வெறுத்தவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று அபாயம் எல்லாச் சுருட்டுக்கும் உண்டு, பச்சைக்கும் உண்டு. பழக்கமில்லாதவர் தொடங்க வேண்டாம். பழக்கம் உள்ளவருக்கும் எப்போதாவது ஒன்று என்பதைத் தாண்டி நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பராமரிப்பில் கேண்டெலா தோற்றுவிடுகிறது. மேலிலை மெலிசு, எண்ணெய்ப் பசை குறைவு. சித்திரை வெயிலில் இரண்டு நாள் மேசையில் கிடந்தால் நரம்போரம் வெடிப்பு விடும், வெட்டும்போது தலைப்பக்கம் உதிரும். உதட்டில் லேசாக நனைத்துவிட்டு வெட்டினால் தப்பிக்கலாம். மூடி இறுகிய டப்பாவில், 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில், இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துப் பழுப்பு தட்டும். மடூரோவை வருஷக்கணக்கில் வைத்தால் ருசி கூடும். கேண்டெலாவை அப்படிச் சேர்த்து வைப்பதில் லாபமில்லை, அந்தப் புல் வாசம்தான் முதலில் மங்கும். கைக்கு வந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் பிடித்துவிடுங்கள்.