1095 என்று நம்பி வாங்கிய கத்தி பிளாங்க்

ஆன்லைனில் கத்தி பிளாங்க், அதாவது இன்னும் தீட்டாத கத்தித் தகடு, வாங்கி வைத்திருப்பவர்கள், அரத்தைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,400 ரூபாயும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போயின. பணத்தைவிட ஞாயிறுகள்தான் வலிக்கின்றன.

'1095 ஹை கார்பன், பதம் போடாதது' என்று போட்டிருந்தார்கள். அடுப்படிக் கத்தி வடிவில் வெட்டிய இரண்டு தகடுகள். 1095 என்பது ஒரு எஃகு ரகம், கார்பன் சுமார் 0.95 சதவீதம். துருப்பிடிக்கும், ஆனால் பதம் போட்டால், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்த்தினால், நன்றாக இறுகும். அதற்காகத்தான் வாங்கினேன்.

அரம் சுகமாக இறங்கியது. என் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டேன்! வாய்ப்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் தடிமனோடு நிறுத்தினேன். அதற்கு மேல் மெலிந்தால் பதம் போடும்போது கோணிக்கொள்ளும். பூவரச மரத்தில் பிடியும் செதுக்கி வைத்தாயிற்று.

பதம் போட, திருப்பாச்சேத்திப் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறைக்குப் போனேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர். உலையில் சிவக்கவிட்டு, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றி எண்ணெயில் தோய்த்தார் அண்ணன். ஆறியதும் அரத்தை வைத்து இழுத்தேன். பதம் ஏறியிருந்தால் வழுக்க வேண்டும். கடித்தது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "எண்ணெய் மெதுவாகக் குளிர்த்தும் சார், தப்பு உங்கள் பக்கம்" என்று பதில். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆள் தப்பித்துக்கொள்கிறார். 1095 ஒரு விநாடிக்குள் சுமார் 540 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். சாதாரண எண்ணெய்க்கு அந்த வேகம் வராது.

சரி என்று மறுபடி பட்டறைக்கே போனேன். தொடாத இரண்டாவது பிளாங்கில், பிடிக்குள் போகும் வால் பகுதியில் ஒரு துண்டு வெட்டி, சிவக்கக் காய்ச்சி, இந்த முறை எண்ணெயைவிட வேகமாகக் குளிர்த்தும் தண்ணீரில் தோய்த்தார் அண்ணன். நல்ல எஃகு என்றால் அந்தத் துண்டு சுத்தியலடியில் கண்ணாடி மாதிரி தெறிக்கும். இது பவ்யமாக வளைந்தது. மிச்சத்தைக் கிரைண்டரில் வைத்தார். கார்பன் அதிகமான எஃகில் பொறி மத்தாப்பு போல் கிளைத்து வெடிக்கும். இதில் நீளக் கோடுகளாக ஓடின.

"ஜன்னலுக்கு அடிக்கிற பட்டை தம்பி இது" என்றார்.

துண்டு வளைந்த வீடியோவை அனுப்பினேன். 'அரம் போட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று ஒரு வரி வந்தது. தொடாத இரண்டாவதைப் பற்றிக் கேட்டால், அதையும் வெட்டிவிட்டீர்களே என்கிறார். வெட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? பொட்டலம் வந்த அன்றே வால் நுனியைக் கிரைண்டரில் தொட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை, ஆளும் வசமாக மாட்டியிருப்பார். அந்த மடத்தனம் என்னுடையது.

இப்போது அதே விளம்பரத்தில் 1095 என்ற எண்ணைக் காணோம். வெறும் 'கார்பன் ஸ்டீல்' என்று இருக்கிறது. கேட்டால் பொய் என்று சொல்ல முடியாது, ஜன்னல் பட்டையும் கார்பன் ஸ்டீல்தான். விலை மட்டும் மாறவில்லை.

பூவரசப் பிடி வீணாகவில்லை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அண்ணன் ஒன்று அடித்துத் தருகிறார், கூலி 600 ரூபாய்.